பெயரில் முளைத்த சொற்கள்

(பெரியபாளையத்தில் படிப்பகத் தோழர்களிடையே ஆற்றிய உரை)

 

இன்று மாலை இவ்வூர்க்கு வந்த பேருந்தில் என் பக்கத்தில் ஒரு பள்ளிச் சிறுவன் அமர்ந்திருந்தான். என் கையிலிருந்த திருக்குறளைப் பார்த்துவிட்டு, "தாத்தா, திருவள்ளுவர் பிறந்த ஊர்தானே திருவள்ளூர்?" என்றான். நான் விடை சொல்லுமுன் அடுத்த கேள்வியும் வந்தது. "அப்படியானால் கம்பர் பேரிலிருந்து வந்ததுதானே கம்பெனி? எங்கள் அப்பா கும்மிடிப்பூண்டியில் கம்பெனிக்குத்தான் போகிறார்." பேருந்தில் இருந்தோர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டவை இரண்டும் பிழையான முடிவுகள். ஆனால் கேள்வி பிழையானதன்று. ஒரு பெரும்புலவனின் பெயர் மொழிக்குள் புகுந்து சொல்லாக முளைக்கும் என்பதை அப்பிள்ளை உணர்ந்திருக்கிறான். அந்த உணர்வுக்கு விடையாகவே இன்றைய உரையை அமைத்துக்கொண்டேன்.

முதலில் அவன் கேள்விகளுக்கு விடை சொல்லிவிடுவோம். திருவள்ளூர் வள்ளுவர் பெயரால் அமைந்த ஊரன்று. ஆழ்வார்கள் பாடிய அவ்வூரின் பழம்பெயர் எவ்வுள். திருவெவ்வுள்ளூர் என்பதே மக்கள் நாவில் தேய்ந்து திருவள்ளூர் ஆயிற்று. ஒலி ஒத்திருப்பதனாலேயே உறவு கற்பித்தல் சொல்லாராய்ச்சி ஆகாது. கம்பெனி என்பதோ இலத்தீன் மொழியினின்று பிறந்தது. உடனிருந்து அப்பம் உண்போர் என்பது அதன் அடிப்பொருள். அப்பொருளை நினைவில் வைத்திருங்கள். இறுதியில் அதனிடம் திரும்பி வருவேன்.

இத்தகைய போலிச் சொற்பிறப்புகள் நம் இலக்கிய வரலாற்றிலும் உண்டு. சீத்தலைச் சாத்தனார் பிறர் நூலிற் பிழை காணுந்தோறும் எழுத்தாணியால் தம் தலையிற் குத்திக்கொண்டார் என்றும், அதனாற் சீழ் பிடித்த தலையர் ஆனார் என்றும் ஒரு கதை கட்டினர். சீத்தலை என்பது ஊர்ப்பெயர். ஊரை மறந்தவர்கள் அப்புலவர் தலையிற் சீழை ஏற்றினர். பெயரின் வரலாற்றை மறந்தால் பெருமைக்குரியவனையே நோயாளி ஆக்கிவிடுவோம் என்பதற்கு இஃதொன்றே போதும்.

தோழர்களே! இனி உண்மையான சொற்களுக்கு வருவோம். ஆக்கியோன் பெயரால் நூலை வழங்குதல் தமிழில் நேற்று வந்த பழக்கமன்று. 'வினைமுதல் உரைக்கும் கிளவி' என்று ஆகுபெயருள் இதற்கு இடம் வகுத்தவர் தொல்காப்பியர். நூல் பெயர் பெறும் வழிகளை எண்ணிக் காட்டிய பவணந்தியாரும், ஆக்கியோன் பெயரால் பெறுதலை அவற்றுள் ஒன்றாக வைத்தார். "வள்ளுவரைப் படித்தேன்" என்று நாம் இன்று சொல்லும்போது வள்ளுவர் என்பது அவரைக் குறிக்கவில்லை; அவர் நூலைக் குறிக்கிறது. இதனைக் கருத்தாவாகுபெயர் என்பர். படிப்பறியாத பாட்டியும் "பட்டினத்தார் படி, கேட்போம்" என்பாள். இலக்கணம் அறியாமலே இலக்கணப்படி பேசுகிறாள் அவள்.

இது பெயரை அப்படியே நூலுக்கு ஆக்கும் முறை. இன்னொரு முறை, பெயரின் இறுதியை மாற்றிப் புதுச்சொல் படைத்தல். அகத்தியன் செய்தது அகத்தியம். தொல்காப்பியன் செய்தது தொல்காப்பியம். அவிநயனார் செய்தது அவிநயம். தொல்காப்பியத்துக்கு உரை வகுத்தோர் வரிசையைப் பாருங்கள். இளம்பூரணர் உரை இளம்பூரணம். சேனாவரையர் உரை சேனாவரையம். பேராசிரியர் உரை பேராசிரியம். நச்சினார்க்கினியர் உரை நச்சினார்க்கினியம். தெய்வச்சிலையார் உரை தெய்வச்சிலையம். 'அர்' என்னும் ஈறு நீங்க, 'அம்' என்னும் ஈறு வந்து அமர்கிறது. ஓர் எழுத்து மாறியவுடன் ஆள் நூலாகிறான்! இத்துணைச் சிக்கனமாகச் சொல்லாக்கும் ஆற்றல் நம் மொழிக்கு உண்டு.

காக்கைபாடினியம் என்றோர் இலக்கண நூல் இருந்தது. யாப்பருங்கல விருத்தியுரையிலும் பிறவிடங்களிலும் எடுத்தாளப்பட்ட நூற்பாக்களாக மட்டுமே அஃது இன்று நமக்குக் கிடைக்கிறது. அதன் ஆசிரியர் காக்கைபாடினியார். அவரின் வேறாய்ச் சங்ககாலத்திலும் ஒரு காக்கைபாடினியார் இருந்தார். அவர் நச்செள்ளையார் என்னும் பெண்பாற் புலவர். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடியவர். விருந்து வரக் கரைந்த காக்கையைக் குறுந்தொகை 210ஆம் பாட்டிற் சிறப்பித்தமையால் அவர்க்கு அப்பெயர் அமைந்தது. முற்றத்திற் கரைந்த ஒரு கரிய பறவை பாட்டுக்குள் புகுந்தது. பாட்டு புலவர்க்குப் பெயரானது. அதே பெயர் பின்னொரு புலவரிடம் விளங்கி, இலக்கண நூலின் பெயராயும் முளைத்தது. நூல் முழுமையும் அழிந்த பின்னரும் பெயர் அழியவில்லை.

இதுவரை புலவர் பெயரிற் பிறந்த சொல்லைக் கண்டோம். சொல்லிற் பிறந்த புலவர் பெயரையும் காண வேண்டும். உலகில் வேறெங்கும் இத்துணை மிகுதியாகக் காண்டற்கரிய செல்வம் அது. சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் சில பாடல்களைப் பாடியவரின் இயற்பெயர் அறியாராயினர். "பெயர் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு அவர்கள் போய்விடவில்லை. பாட்டின் உள்ளே தேடி, அப்புலவன் வடித்த தொடர்களுள் ஒளிமிக்க ஒன்றை எடுத்து, அதனையே அவனுக்குப் பெயராகச் சூட்டினர். குறுந்தொகையில் செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், விட்ட குதிரையார், ஓரேருழவனார், கல்பொரு சிறுநுரையார், குப்பைக்கோழியார். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார்.

இப்பெயர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். செம்மண்ணில் விழுந்த மழைநீர், ஆளில்லா வீட்டு முற்றத்தில் விளையாடும் அணில், ஒற்றை ஏரையுடைய உழவன், குப்பைமேட்டிற் சண்டையிடும் கோழி, இருபுறமும் யானைகள் இழுக்கத் தேய்ந்த பழங்கயிறு, கிழவன் ஊன்றிய தடி. அரசன் கொடுத்த பட்டம் ஒன்றேனும் இவற்றுள் உண்டா? குலப்பெயர் உண்டா? இல்லை. உழைப்பும் ஊரும் முற்றமும் மழையுமே அவர்க்குப் பெயர்களாயின. பெற்றோர் இட்ட பெயரைக் காலம் தின்றது. பாட்டு இட்ட பெயரை அதனால் தின்ன இயலவில்லை.

நூலைக் குறித்ததோடு நின்றுவிடாமல் ஒரு தன்மையைக் குறிக்கவும் புலவர் பெயர் வளர்ந்ததா? வளர்ந்தது. "இதென்ன கம்பசூத்திரமா?" என்று கடினமான வேலையைப் பற்றி நம் மக்கள் கேட்பர். கம்பர் பாட்டின் நுட்பத்தினின்று வந்த வழக்கு இது என்பாரும், கழைக்கூத்தர் கம்பத்தில் நிகழ்த்தும் நுட்பத்தினின்று வந்தது என்பாரும் உளர். கம்பத்திற் பிறந்ததாயினும், அச்சொல்லைக் கேட்டவுடன் மக்கள் நினைவில் எழுந்தவர் கம்பர். கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் பாடும் என்னும் பழமொழியும் அவ்வாறே. குற்றம் கண்டால் யார்க்கும் அஞ்சாது எடுத்துரைப்பவனை நக்கீரன் என்கிறோம். பிழையற்ற பதிப்புக்கு யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்தாரும் 'நாவலர் பதிப்பு' என்று பெயரிட்டு நம்பினர். நாஞ்சில்நாட்டுப் பெண்கள் ஔவையார் நோன்பு நோற்றுக் கொழுக்கட்டை செய்கின்றனர். புலவர் பெயர் ஏட்டைவிட்டு அடுப்படி வரை சென்றிருக்கிறது!

இவற்றுள் மணிமுடியாக விளங்குவது 'வள்ளுவம்' என்னும் சொல். அச்சொல் திருக்குறள் என்னும் நூலைக் குறிப்பதோடு நிற்பதன்று. அந்நூல் காட்டும் வாழ்நெறியையும் குறிப்பது. தொல்காப்பியம் என்றால் நூல். வள்ளுவம் என்றால் நெறி. நூற்பெயர் நெறிப்பெயராக உயர்ந்த படி இது. அறிஞர் வ.சுப. மாணிக்கனார் தம் ஆராய்ச்சி நூலுக்கு 'வள்ளுவம்' என்றே பெயரிட்டார்.

அன்பர்களே! பிற நாட்டார் என்ன செய்தனர் என்பதையும் பார்க்கவேண்டும். ஆர்வெல் என்னும் ஆங்கில எழுத்தாளரின் இயற்பெயர் எரிக்கு ஆர்தர் பிளேர். 1903இல் நம் இந்தியாவில், பீகாரைச் சேர்ந்த மோதிகாரியிற் பிறந்தவர் அவர். ஆர்வெல் என்பது இங்கிலாந்தில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர். ஆறு எழுத்தாளர்க்குப் பெயரானது. எழுத்தாளர் பெயர் ஆங்கிலத்திற் சொல்லானது. குடிமக்களை ஓயாது வேவு பார்த்து, சொற்களைத் திரித்துப் பொய்யை மெய்யாக்கும் ஆட்சியை இன்று 'ஆர்வெல்லியன்' என்கின்றனர். 1949இல் வெளிவந்த அவருடைய புதினத்தின் பயன் அது. இதில் ஒரு முரண் உண்டு. அவர் எதனை எதிர்த்தாரோ, அதற்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

பிராகு நகரில் வாழ்ந்து செருமானிய மொழியில் எழுதியவர் பிரான்சு காபுகா. 1924இல் மறைந்த அவர், வெளிவராத தம் எழுத்துகளை எரித்துவிடும்படி நண்பரிடம் சொல்லிச் சென்றார், நண்பர் எரிக்கவில்லை. என்ன குற்றம் என்று சொல்லப்படாமலே வழக்கில் சிக்கி அலையும் ஒருவனின் கதை 1925இல் வெளிவந்தது. இன்று ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கும், அங்கிருந்து மீண்டும் முதல் அலுவலகத்துக்கும் விரட்டப்படும் எளியவனின் நிலையைக் குறிக்க உலக மொழிகள் பல அவர் பெயரை எடுத்தாள்கின்றன. வைப்புநிதிக்கும் ஓய்வூதியத்திற்கும் அலைந்தவர்கள் இவ்வவையிலும் இருப்பீர்கள். அந்த அலைச்சலுக்கு ஓர் எழுத்தாளன் பெயர் உலகில் வழங்குகிறது என்பதை அறிவீர்களா?

இனிக் கசப்பான ஒன்றைச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் கொடுமைக்காரனைச் 'சாடிசுட்டு' என்கின்றனர். 1740 முதல் 1814 வரை வாழ்ந்த பிரெஞ்சு எழுத்தாளர் சாத் என்பாரின் பெயர் அது. பிறரைத் துன்புறுத்தி இன்புறுதலைப் பற்றி எழுதினார் அவர். அவர் பெயரே அத்தன்மைக்குப் பெயராயிற்று. தான் துன்புறுவதில் இன்பம் காண்பதற்கு ஆத்திரிய எழுத்தாளர் மாசோக்கு என்பாரின் பெயரை ஒரு மனநோய் மருத்துவர் சூட்டினார். அப்போது மாசோக்கு உயிரோடிருந்தார்! தம் பெயர் நோய்ப்பெயராவதைத் தாமே காணும் நிலை அவர்க்கு நேர்ந்தது. பெயரைச் சொல்லாக்குதல் எப்போதும் பெருமை ஆகாது. அஃது ஒருவன் தலையில் ஏற்றிய பழியும் ஆகலாம்.

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. எங்கோ இருந்த சாத் என்பாரின் பெயர் பெரியபாளையத்துத் தேநீர்க்கடையிலும் பொருளோடு புழங்குகிறது. நம் கபிலர் பெயரும் வெள்ளிவீதியார் பெயரும் அங்ஙனம் புழங்குகின்றனவா? ஏன் புழங்கவில்லை?

"நாமும் பெயர் வைத்திருக்கிறோமே" என்பீர்கள். உண்மை. கோவையிற் பாரதியார் பல்கலைக்கழகமும் திருச்சியிற் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் 1982இலும், வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002இலும் தோன்றின. சென்னையில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. கன்னியாகுமரியில் 133 அடி உயர வள்ளுவர் சிலை 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பெற்றது. கி.மு. 31ஐத் தொடக்கமாகக் கொண்ட திருவள்ளுவர் ஆண்டு அரசு ஆவணங்களில் இடம்பெற்றுள்ளது. இவை அனைத்தும் வேண்டியவை, போற்றத்தக்கவை. ஆயினும் பெயர்ப்பலகை வேறு, சொல் வேறு.

ஓர் எடுத்துக்காட்டு. 1980இல் நெடுந்தொலைவுப் பேருந்துகட்குத் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் எனப் பெயர் அமைந்தது. "திருவள்ளுவரில் இடம் கிடைத்தது", "திருவள்ளுவர் வந்துவிட்டது" என்று மக்கள் பேசினர். இதுவும் ஆகுபெயரே. 1997இல் போக்குவரத்துக் கழகங்களினின்று தலைவர் பெயர்களை நீக்கியபோது அஃது அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. பலகை மாறிய சில ஆண்டுகளில் அப்பேச்சும் மறைந்தது. அரசாணையால் வந்த சொல் அரசாணையால் போயிற்று. ஆனால் 'வள்ளுவம்' என்னும் சொல்லை எந்த ஆணையாலும் நீக்க இயலாது. ஏனெனில் அது படித்தவர் உள்ளத்திற் பிறந்தது.

பெயரை வைத்த பின்னர் நாம் செய்வது என்ன? மனைப்பிரிவுகளில் பாரதிதாசன் தெரு என்று பலகை நடுகிறோம். ஓராண்டில் அஃது ஆங்கில எழுத்திரண்டாகச் சுருங்கிவிடுகிறது. பல்கலைக்கழகப் பெயர்களையும் மூன்றெழுத்து ஆங்கிலமாக்கி, மாணவரே அழைக்கின்றனர். கனக. சுப்புரத்தினம் பாரதியின்பாற் கொண்ட அன்பால் பாரதிதாசன் ஆனார். அவர்பாற் கொண்ட அன்பால் இராசகோபாலன் என்பவர் சுப்புரத்தினதாசன் ஆகி, அதனைச் சுருக்கிச் சுரதா ஆனார். 'தாசன்' என்னும் சொல் நமக்கு உடன்பாடன்று. அடியான் என்றே நாம் சொல்வோம். ஆயினும் ஒரு பெயர் அடுத்த தலைமுறையில் இன்னொரு பெயராக முளைத்த அந்த அன்புத்தொடரை மதிக்க வேண்டும். அத்தொடர் முழுவதையும் இரண்டு ஆங்கில எழுத்துக்குள் புதைப்பது முறையாகுமா?

இனிச் சொல்லாக்கம் பற்றிச் சில சொல்லி முடிக்கிறேன். மார்க்சியம், காந்தியம், பெரியாரியம் என்பன இன்று வேரூன்றிய சொற்கள். 'இசம்' என்னும் அயல் ஈற்றை விரட்டிய வகையில் அவை நமக்கு வெற்றியே. ஆயின் 'இயம்' ஒன்றே வழி என்று எண்ணற்க. பாடினி என்பதோடு 'அம்' சேரும்போது இடையே யகர உடம்படுமெய் தோன்றிப் பாடினியம் ஆகிறது. காப்பியன் என்பதில் யகரம் முன்னரே உள்ளது. ஆகவே இங்கெல்லாம் ஈறு 'அம்' என்பதே. வீரசோழியம் போன்ற பெயரமைப்பு வடமொழி நெறியைத் தழுவியது என்பர். அந்நூலே வடமொழி இலக்கண வழியைத் தழுவியதுதானே. எனவே வள்ளுவர்க்கு வள்ளுவம் என்பது போலக் கபிலர்க்குக் கபிலம் என்று துணிந்து சொல்லலாம். எனினும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டவும் கூடாது. ஆர்வெல்லோடு 'அம்' சேர்த்து 'ஆர்வெல்லம்' என்றால் கேட்பவர்க்குக் கரும்பாலைதான் நினைவுக்கு வரும்! அங்கே ஆர்வெல்லியம் என்பதே தகும். செவியும் ஓர் இலக்கண ஆசிரியன் என்பதை மறவற்க.

ஆனால் தோழர்களே, ஈற்றைப் பற்றி எத்துணை வழக்காடினாலும், படிக்காத புலவன் பெயரில் சொல் முளைக்காது. ஒருவன் "இது கபிலம்" என்று சொல்ல, கேட்பவன் உடனே உணரவேண்டுமானால், இருவரும் கபிலரைப் படித்திருக்க வேண்டும். பெயர் சொல்லாவதற்கு ஒரு கூட்டம் வேண்டும். ஒரே நூலை உடனிருந்து படித்த கூட்டம். அதனால்தான் சொல்கிறேன்: இச்சொற்கள் ஒரு மொழியின் நலத்தை அளக்கும் அளவுகோல்கள். புதிய பெயர்ச்சொற்கள் முளைக்கவில்லையென்றால் புலவர் இல்லை என்பதன்று பொருள்; உடனிருந்து படிப்பார் இல்லை என்பதே பொருள்.

ஆகவே இப்படிப்பகத் தோழர்க்கு ஒரு வேண்டுகோள். கிழமைக்கு ஒருமுறை கூடுங்கள். தொடராற் பெயர் பெற்ற சங்கப்புலவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரேருழவனாரின் பாட்டு ஐந்தாறு அடிதான். படித்து முடிக்க ஐந்து மணித்துளி போதும். ஈரம் காயுமுன் உழுதுவிடத் துடிக்கும் ஒற்றை ஏர்க்காரனின் பரபரப்பு அதிலே இருக்கிறது. ஆரணியாற்றங்கரையில் ஏர் பிடித்த பாட்டனுக்குப் பிறந்து, இன்று எந்திரம் பிடிக்கும் பெயரன் அதனைப் படிக்கட்டும். மறுநாள் வேலைமிகுதியால் அலைக்கழியும்போது, "நான் இன்று ஓரேருழவன்" என்று பக்கத்து எந்திரத்துத் தோழனிடம் சொல்லட்டும். அவனும் புரிந்து சிரிப்பானாயின், அன்று தமிழில் ஒரு சொல் பிறந்தது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அரசாணை வேண்டுவதில்லை.

பேருந்துச் சிறுவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "கம்பர் பேரிலிருந்து கம்பெனி வரவில்லை, தம்பி. ஆனால் அச்சொல்லுக்கு உடனிருந்து உண்போர் என்பது பொருள். உன் அப்பா அங்கே தோழர்களோடு உடனிருந்து உண்கிறாரல்லவா? அப்போது கம்பரையும் ஒருவர் படித்துக் காட்டினால், நீ சொன்னது ஒருநாள் உண்மையாகிவிடும்." அவன் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்பாவிடம் சொல்கிறேன்" என்றான்.

அந்த அப்பா இவ்வவையில் இருந்தாலும் இருக்கலாம். இருந்தால், உங்கள் மகன் சொல்லும்போது செவி கொடுங்கள் ஐயா.

வாழ்க தமிழ்! வளர்க படிப்பகம்!